முங்கு... ஆனால் கை நனையக் கூடாது!

கல்யாண ரிசப்ஷனில் பார்த்திருப்பீர்கள். பெரிய பிளாஸ்டிக் டப். அது நிறைய ஐஸ் கட்டியும் தண்ணீரும். உள்ளே கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கள். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "தம்பி, நீங்க கொஞ்சம் எடுத்து எடுத்துக் குடுங்களேன்" என்று நம்மை மாட்டி விட்டுவிட்டு நைசாக நழுவி விடுவார். முதல் பாட்டில் எடுக்கும்போது 'ஆஹா, ஜில்!' ஐந்தாவது பாட்டிலில் விரல் சிவக்கும். பத்தாவதில் எலும்புக்குள் வலிக்கும். இருபதாவதில், கையில் இருப்பது பாட்டிலா, மாப்பிள்ளையின் தாய்மாமன் விரலா என்றே தெரியாது!

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, "ஸார், இந்தச் சட்டைப் பொத்தானைக் கொஞ்சம் போட்டு விடுங்க" என்றால்? சான்ஸே இல்லை.

இப்போது அந்த டப்பை இருபது மீட்டர் ஆழமாக்கிக் கொள்ளுங்கள். சட்டைப் பொத்தானுக்குப் பதிலாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒரு பொத்தான். என் நண்பன் மாட்டிக் கொண்டது அங்கேதான்.

நானும் அவனும் பி.காம். ஒரே பெஞ்ச். நான் அங்கே இங்கே எழுதிப் பிழைக்கிறேன். அவன் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். 2023 பிப்ரவரியில் ஒரு வேலையாக லண்டன் போனவன், சனி ஞாயிறு அவன் வீட்டில் தங்கினேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எழுப்பி விட்டான்.

"கெளம்புடா. ஸ்டோனி கோவ் போறோம்."

"கோயிலா?"

"கல் குவாரி."

"குவாரில என்னடா இருக்கு?"

"தண்ணி."

வெளியே புல்லெல்லாம் உறைபனி. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக் கொண்டு நடுங்குகிறவனிடம் சொல்கிற பதிலா இது?

ஸ்டோனி கோவ், லெஸ்டர்ஷயரில் இருக்கிறது. ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய பள்ளம். 1958-ல் வேலை நின்றது, பம்ப்பை நிறுத்தினார்கள், ஊற்றுத் தண்ணீர் ஏறி விட்டது. இப்போது ஸ்கூபா டைவிங் பழகுகிறவர்களின் சொர்க்கம். படிப்படியாக ஆழமாகிக் கொண்டே போய், அடியில் ஏறக்குறைய 36 மீட்டர். பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று 2000-ல் 'ஸ்டேன்கார்த்' என்ற பழைய இழுவைப் படகு ஒன்றைக் கொண்டு வந்து மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் தண்ணீர் ஐந்து டிகிரியைச் சுற்றி இருக்கும். ஆழத்தில் போனால் வெதுவெதுப்பாக இருக்குமோ என்று நினைக்காதீர்கள். தண்ணீர் நாலு டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும், அது அடியில் போய்ப் படுத்துக் கொள்ளும். அதாவது, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு.

இதற்குள் இறங்குகிறவர்கள் சாதாரண ரப்பர் சட்டையோடு இறங்குவதில்லை. டிரைசூட் என்று ஒன்று. பெயரே சொல்கிறது, உள்ளே ஈரம் வரக் கூடாது. தண்ணீர் புகாத ஒரு பெரிய பைக்குள் ஆள் போய்ப் படுத்த மாதிரி. பைக்குள் கம்பளி உள்ளாடை, அதைச் சுற்றிக் காற்று. அந்தக் காற்றுதான் போர்வை. தண்ணீர் நம் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாக உறிஞ்சும் என்பார்கள். ஆகவே தண்ணீரைத் தள்ளி வைத்தாலே பாதி ஜெயம். கால் பக்கம் பூட்ஸே சேர்த்து ஒட்டியிருக்கும். ஜிப் தண்ணீர் புகாத ஜிப். பாக்கி மூன்று ஓட்டைகள்தான். கழுத்து ஒன்று, மணிக்கட்டு இரண்டு.

அந்த மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் பட்டைக்குப் பெயர் ரிஸ்ட் சீல். புது விஷயம் இல்லை. 1830-களில் அகஸ்டஸ் ஸீபே என்பவர் லண்டனில் செய்த, பித்தளைத் தலை வைத்த முக்குளிப்பு உடை இருக்கிறதே, பழைய சினிமாவில் பார்த்திருப்பீர்கள், அந்த வகை உடைகளிலும் மணிக்கட்டில் ரப்பர் பட்டைதான். உடம்பு முழுக்க மூடியிருக்கும். கை மட்டும் பெரும்பாலும் வெளியே! பாவம் அந்த ஆட்கள்.

என் நண்பனும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறான். ஒருவரிடம் பழைய டிரைசூட் ஒன்றை வாங்கினான். கைக்கு நியோப்ரீன் கையுறை, ஐந்து மில்லிமீட்டர் கனம். இந்தக் கையுறைக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். போன தண்ணீர் அங்கேயே நின்று உடம்புச் சூட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பாகும் என்பது தத்துவம். வெயில் காலத்தில் தத்துவம் பலிக்கும்.

"ஜனவரில ஒரு நாள் அந்த போட்டுக்கிட்ட இறங்கினேன். பதினஞ்சாவது நிமிஷம் இடது கை எனக்கு சொந்தமில்ல. சூட் விலை கொடுத்தவர் நல்ல தடியான ஆளு. அவர் மணிக்கட்டுக்கு வெட்டின சீல். என் கை ஒல்லி. ஒவ்வொரு தடவ கைய மடக்கும்போதும் முழங்கை வரைக்கும் ஜில்லுனு ஒரு கோடு ஓடுது."

டிரைசூட்டில் ஒரு சங்கதி உண்டு. கீழே போகப் போக அழுத்தத்தில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, உடை நம்மை நெரிக்கும். அப்போது மார்பில் இருக்கும் பொத்தானை அழுத்திச் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் காற்று விட வேண்டும். மேலே வரும்போது இடது தோள்பட்டைக்குக் கீழே இருக்கும் வால்வு வழியாக அதை வெளியேற்ற வேண்டும். என் நண்பன் பொத்தானை அழுத்தினான். விரலில் உணர்ச்சி இல்லாததால் அழுத்துவதை நிறுத்தியதாக நினைத்துக் கொண்டு, அழுத்திக் கொண்டே இருந்திருக்கிறான்!

உடை பலூனாகி விட்டது. ஆளைத் தூக்க ஆரம்பித்தது.

இருபது மீட்டரிலிருந்து பலூன் மாதிரி மேலே போவது விளையாட்டில்லை. மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். மூச்சு விட்டாலும், வேகமாக வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் சோடா பாட்டில் மாதிரி பொங்கும். கூட இறங்கியவர் காலைப் பிடித்துத் தொங்க, இவன் கையை உயர்த்தி வால்வைத் திறக்க, பத்து மீட்டரில் நின்றது. கரைக்கு வந்து அரை மணி நேரம் காரில் உட்கார்ந்து ஹீட்டருக்கு முன்னால் கையை நீட்டிக் கொண்டிருந்தானாம். உணர்ச்சி திரும்பி வரும்போதுதான் வலி.

"வீட்ல சொன்னியாடா?"

"சொன்னா அடுத்த வாரம் விடுவாளா?"

அடுத்த வாரம் போகாமல் இருப்பது என்ற ஒரு வழி இருப்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. கையை எப்படிக் காப்பாற்றுவது என்று ஆராய்ச்சியில் இறங்கி விட்டான். நான் பார்த்த அன்று ஆராய்ச்சி முடிந்து, அரங்கேற்றம்.

காரின் பின்பக்கத்தைத் திறந்தால் ஒரு சின்னக் கடையே இருக்கிறது. ஒவ்வொன்றாகக் காட்டினான். கணக்கன் அல்லவா, லெட்ஜர் மாதிரி விளக்கம்.

முதலில் சீல். மூன்று ஜாதி.

லாடெக்ஸ் என்பது பலூன் ரப்பர். மெல்லியது, நன்றாக இழுபடும், தோலோடு ஒட்டிக் கொண்டு தண்ணீரை விடாது. ஆனால் ஆயுசு கம்மி. வெயில், எண்ணெய், சன் கிரீம் எல்லாம் எதிரி. நகம் பட்டால் கிழியும். சிலருக்கு லாடெக்ஸே அலர்ஜி. போடும்போது டால்கம் பவுடர் தடவிக் கொள்ள வேண்டும், அதுவும் வாசனை இல்லாத பவுடர். வாசனைப் பவுடரில் இருக்கும் எண்ணெய் ரப்பரை அரித்து விடுமாம். மனைவியின் பவுடர் டப்பாவைத் தூக்கிக் கொண்டு போகிறவர்கள் கவனிக்க.

நியோப்ரீன், ஸ்பாஞ்ச் மாதிரி கனமானது. கதகதப்பு. முரட்டுத்தனமாக இழுத்தாலும் தாங்கும். ஆனால் லாடெக்ஸ் அளவுக்குச் சதையோடு ஒட்டாது. கொஞ்சம் கசிவு பழகிக் கொள்ள வேண்டும். இறுக்கமாக இருந்தால் ராத்திரி முழுக்க ஒரு பாட்டிலில் மாட்டி வைத்துத் தளர்த்துகிறார்கள். அங்கேயும் பாட்டில்!

சிலிகான் புதுப் பணக்காரன். மிருதுவோ மிருது, அலர்ஜி தொல்லை கிடையாது, பவுடர் வேண்டாம். ஆனால் சாதாரண கோந்துக்கு மசியாது, உடையோடு ஒட்ட முடியாது. அதற்கென்று சட்டையின் கை நுனியில் ஒரு வளையம் பொருத்தி, அதில்தான் மாட்ட வேண்டும். இதில் ஒரு லாபம். சீல் கிழிந்தால் கடைக்கு அனுப்பி வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டாம், குவாரிக் கரையிலேயே உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் புதுசு மாற்றி விடலாம். லேசாக ஒரு கீறல் விழுந்தால் போதும், சிலிகான் சர்ரென்று கிழிந்து விடும் என்பதால் இந்த வசதி அடிக்கடி தேவைப்படவும் செய்யும்.

"சரி, எதுடா நல்லது?"

"கைய மடக்கு" என்றான். மடக்கினேன். "மணிக்கட்ட லேசா உள்பக்கம் வளை."

நீங்களும் செய்து பாருங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு கயிறு புடைத்துக் கொண்டு நிற்கும். நாம் நரம்பு என்போம். டாக்டர்கள் தசைநாண் என்பார்கள். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் தெரிகிறதா? தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். டார்ச்சை இறுக்கிப் பிடித்தாலே வாய்க்கால் திறந்து விடும். இது ஆளுக்கு ஆள் மாறும். சதைப்பிடிப்பான கைக்கு எந்த சீலும் ஒத்துப் போகும். எங்களைப் போன்ற ஒல்லிக் கைகளுக்கு மெல்லிய லாடெக்ஸோ சிலிகானோதான் பள்ளத்தில் இறங்கி அடைக்கும். அதுவும் கொஞ்சம் நீளமான சீல், மணிக்கட்டு எலும்புக்கு மேலே, முழங்கைப் பக்கமாக ஏற்றிப் போட்டது.

லாடெக்ஸ் சீல் கூம்பு மாதிரி வரும். நம் கைக்குத் தக்கபடி நுனியை வெட்டிக் கொள்ள வேண்டும். வெட்ட வெட்டத் தளரும். தையல்காரர் சொல்கிற அதே விதி. கொஞ்சமாக வெட்டு, போட்டுப் பார், மறுபடி வெட்டு. வெட்டியதை ஒட்ட முடியாது. கத்தரிக்கோல் ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். பிசிறு இருந்தால் அங்கிருந்துதான் கிழியும். ரொம்ப இறுக்கமாக விட்டாலும் வம்பு, ரத்தம் ஓடாமல் கை மரத்துப் போகும். நான் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கழற்றும்போது மணிக்கட்டு முடியில் பாதி அதோடு போய் விட்டது.

இத்தனை செய்தாலும் சீல் காப்பாற்றுவது உடம்பைத்தான். கை இன்னும் வெளியேதானே? அதற்குத்தான் டிரை கிளவுஸ். உள்ளே தண்ணீரே போகாத கையுறை.

ஏதோ விண்வெளிச் சமாச்சாரம் போல இருக்கும் என்று நினைத்தேன். எடுத்துக் காட்டினான். நீல நிற ரப்பர் கையுறை. மீன் பிடிப் படகில் வேலை செய்கிறவர்கள் போடுவது! வலை இழுக்கிறவர்களுக்காக ஜப்பானின் ஷோவா கம்பெனி செய்கிற பிளாஸ்டிக் பூச்சுக் கையுறைகளை டைவர்கள் தத்து எடுத்துக் கொண்டு விட்டார்கள். உள்ளே தனியாக ஒரு கம்பளிக் கையுறை. அவ்வளவுதான். விலை உயர்ந்த பாகம் கையுறை இல்லை, அதைச் சட்டையோடு சேர்க்கிற வளையம்தான். வளையம் வாங்குகிற காசில் அந்த நீலக் கையுறை ஏழெட்டு ஜோடி வாங்கி விடலாம். செருப்பு வாங்கப் போய் வார் விலை கேட்டு மயங்கி விழுந்த கதை.

கம்பளி உறை தனியாக இருப்பது நல்லது என்றான். உள்ளேயே ஒட்டியிருந்தால் ஒரு தடவை நனைந்தால் அந்த வாரம் பூராவும் காயாது. கம்பளி, ஈரமானாலும் கொஞ்சம் சூடு தரும். பருத்தி கூடவே கூடாது. முக்கியமாக, வெளி உறையை ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும். இரண்டு சாக்ஸ் போட்டு அதே ஷூவுக்குள் காலைத் திணித்தால் என்ன ஆகும்? ரத்த ஓட்டம் நின்று முன்னைவிடக் குளிரும். கையிலும் அதே கதை.

வளையத்திலும் பல தினுசு. ஸ்வீடனின் எஸ்.ஐ. டெக் போன்றவர்கள் செய்வது. சிலது சட்டைக் கையிலேயே நிரந்தரமாக ஒரு வளையம், கையுறையில் ஒரு வளையம், இரண்டையும் அழுத்தினால் 'டப்'. நடுவில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வட்டம். குக்கர் கேஸ்கட்டுக்குத் தம்பி. இன்னும் சிலது, நிரந்தர வளையம் இல்லாமல் லாடெக்ஸ் சீலையே இழுத்து மாட்டிக் கொள்வது. வளையத்துக்குள் நம் கை நுழைந்து வருகிறதா என்று கடையிலேயே பார்த்துக் கொள்ள வேண்டும். அகலக் கைக்காரர்கள் பலர் வாங்கி வந்து வீட்டில் முழிக்கிறார்களாம்.

முதல் கையுறையைச் சுலபமாகப் போட்டு விட்டான். இரண்டாவது கை? ஏற்கெனவே தடிமனான கையுறை போட்ட கையால் இன்னொரு கையுறையின் வளையத்தைப் பொருத்த வேண்டும். குத்துச்சண்டைக்காரன் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. "வாடா, அழுத்து" என்றான். அடியேனின் வேலை அதுதான். அழுத்தினேன். 'டப்.'

இப்போதுதான் ஒரு சிக்கல். குவாரிக் கரையில் இதற்காக ஒரு பட்டிமன்றமே நடக்கிறது.

கையுறைக்குள் காற்று இருக்கிறது. அதற்கும் உடைக்கும் நடுவில் ரிஸ்ட் சீல் அணை போட்டிருக்கிறது. பத்து மீட்டர் கீழே போனால் அழுத்தம் இரட்டிப்பு, கையுறைக் காற்று பாதி. முப்பது மீட்டரில் கால் பங்கு. உடைக்குப் பொத்தான் அழுத்திக் காற்று கொடுக்கலாம். கையுறைக்கு? வழியில்லை. ரப்பர் விரல்களோடு ஒட்டிக் கொண்டு நெரிக்கும், கம்பளி சப்பிப் போகும், கதகதப்பு காலி. இவ்வளவு செலவு செய்தும் கை மரத்துப் போகும்.

அதனால் டைவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். சீலுக்கு அடியில் ஒரு மெல்லிய குழாயோ, எலாஸ்டிக் கயிறோ, கம்பளி நூலோ செருகி விடுவது. அந்தச் சந்து வழியாக உடையின் காற்று கையுறைக்குப் போகும். கையை மேலே தூக்கினால் காற்று மேல்நோக்கி ஏறும். இறங்கும்போது அத்தனை பேரும் போலீஸில் சரண்டர் ஆகிற மாதிரி கையைத் தூக்கிக் கொண்டே இறங்குகிறார்கள்! ரொம்ப நேரம் தூக்கக் கூடாது. விரல்கள் ஊதி மிக்கி மவுஸ் கை ஆகி விடும், இடது கையைத் தூக்கினால் தோள் வால்வு வழியே காற்று வெளியே போய் விடும்.

சரி, பிரச்னை தீர்ந்ததா? காற்று போகிற சந்தில் தண்ணீர் வராதா?

கீழே துருப்பிடித்த இரும்பு, கூரான கல். கையுறையில் ஓட்டை விழுந்தால், சந்து இல்லாதவனுக்குக் கை மட்டும் நனையும். சீல் அணையாக நின்று உடம்பைக் காப்பாற்றும். சந்து வைத்தவனுக்குக் கை வழியாகச் சட்டைக்குள் தண்ணீர் கசியும். இன்னொரு கூட்டம் இருக்கிறது. கையுறைதான் இருக்கிறதே, சீல் எதற்கு என்று சீலையே கழற்றி விட்டவர்கள். கைக்குத் தாராளமாகக் காற்று, மணிக்கட்டில் இறுக்கம் கிடையாது, ரொம்ப சௌகரியம். அவர்களுக்கு ஓட்டை விழுந்தால் தோள்பட்டை வரை ஒரே வெள்ளம்.

வெள்ளம் வந்தால் ஆள் கல் மாதிரி மூழ்கி விடுவானோ? இல்லை. தண்ணீருக்குள் தண்ணீருக்குக் கனம் கிடையாது. ஆனால் மிதக்க வைத்த காற்று போய் விடும், போர்வை போய் விடும். ஐந்து டிகிரித் தண்ணீர் நேரடியாக நெஞ்சில். கரையேறும்போதுதான் உடைக்குள் இருக்கிற தண்ணீரின் கனம் முழுசும் தெரியும்.

கரையில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். முப்பது வருஷமாக முங்குகிறாராம். அவர் சீல் கட்சி. குழாய் கூடாது என்றார். "கை வலித்தால் மேலே வந்து விடுவேன். உடம்பு நனைந்தால் மேலே வருகிற புத்தியே மழுங்கி விடும்" என்றார். பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர், "விரல் மரத்துப் போனால் மேலே வருவதற்குப் பொத்தானை யார் அழுத்துவது?" என்றார். இரண்டும் நியாயமாகத்தான் படுகிறது. என் நண்பனின் ஜனவரி அனுபவம் தெரிந்த எனக்கு இளைஞர் பக்கம் கொஞ்சம் சாய்வு. ஆனால் சீலைக் கழற்றுவது, இன்ஷூரன்ஸ் பிரீமியம் மிச்சம் என்று பாலிசியை ரத்து செய்கிற கணக்கு.

நண்பன் நடுவழி பிடித்திருந்தான். குழாய்க்குப் பதில் சீலுக்கு அடியில் ஒற்றைக் கம்பளி நூல், நாலு விரல்கடை நீளம். காற்று மெதுவாகப் போகும், தண்ணீர் வந்தாலும் மெதுவாக வரும். கூடவே ஒரு சட்டம். கையில் ஈரம் தெரிந்த மறுநிமிஷம் டைவ் முடிந்தது, மேலே. பேரம் கிடையாது.

முதல் நாள் ராத்திரி அவன் வீட்டுச் சமையலறையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டு விட்டேனே! இரண்டு கையுறைகளையும் வாயால் ஊதி, வளையத்தை உள்ளங்கையால் பொத்தி, சிங்க்கில் தண்ணீர் நிரப்பி அமுக்கினான். எங்கே குமிழி வருகிறது என்று விரல் விரலாகப் பார்த்தான். எங்கள் ஊர் சைக்கிள் கடையில் டியூபை ஊதித் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்ப்பார்களே, அச்சு அசல் அதேதான். இடது சுண்டு விரலில் ஒரே ஒரு குமிழி. அந்தக் கையுறை குப்பைக்குப் போனது, புதுசு ஏறியது. "மலிவு கையுறையோட அருமை இதுதாண்டா" என்றான். அவன் மனைவி பாத்திரம் தேய்க்கக் காத்துக் கொண்டிருந்தார்.

பதினொன்றே காலுக்கு இறங்கினார்கள். கை தூக்கிய இரண்டு பேர், கறுப்புத் தண்ணீருக்குள் சரண்டர். மேலே குமிழி வந்து கொண்டே இருந்தது. நான் கோட்டைப் பிடித்துக் கொண்டு நின்றேன். இருபது நிமிஷம் ஆனதும் குமிழி வேறு பக்கம் நகர்ந்து போய் விட்டது. என் கண் அதையே தேடியது. ஜனவரியில் அவனுக்கு இடது கை போனது பதினைந்தாவது நிமிஷம். ஒல்லிக் கை. பெரியவர் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

முப்பத்தெட்டாவது நிமிஷம் தலை தெரிந்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். கரைக்கு வந்து, "கழட்டு, கழட்டு" என்றான். வளையத்தைத் திருகி உருவினேன். வலது கை. கம்பளி உறை காய்ந்திருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன், என் கையைவிடச் சூடு! இடது கையை உருவினேன். கட்டை விரல் பக்கம் கம்பளி லேசாக ஈரம். முழுக்க இல்லை, ஒரு ரூபாய்க் காசு அளவு.

"வியர்வையா இருக்கும்டா" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. வளையத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓ-ரிங்கின் மேல் எதையோ நகத்தால் நெருடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கால் விரல்கடை நீளம், மெல்லிசு, சாம்பல் நிற நூல்.

அவன் ஸ்வெட்டர் நீலம். நான் போட்டிருந்தது சாம்பல்.

"இடது கைய யாரு மாட்டி விட்டது?" என்றான்.